மூன்று பம்ப், ஒரு பேனல்: முடிவு வரைபடத்தால் பழுதைத் தேடும் முறை

அனல் மின் நிலையங்களில் கொதிகலனுக்குத் தண்ணீர் ஊட்ட மூன்று பம்ப் வைப்பது உண்டு. ஒவ்வொன்றும் தேவையில் பாதியைத் தரும். இரண்டு ஓடினால் போதும், மூன்றாவது மாற்று. பழகிக்கொள்வதற்காக அ, ஆ, இ என்ற இந்த மூன்றுக்கும் மின்சாரம் தர ஒரே பேனல் போர்டு என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் போதாமல் போகும் வாய்ப்பு எவ்வளவு? போனால் எதை முதலில் பார்ப்பது? இரண்டுக்கும் ஒரே படம் பதில் சொல்லும் என்பதுதான், ஒவ்வொரு பாகத்தையும் ஆம், இல்லை என்று கேட்டு முடிவுக்குப் போகும் இருநிலை முடிவு வரைபடத்தின் அழகு. 1986இல் கணினி அறிஞர் ராண்டல் பிரையன்ட் இதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தார்.

படி 1: தோல்வி எது என்று ஒரே வரியில் எழுதுங்கள். "பேனல் போனால் தோல்வி, இல்லாவிட்டால் ஏதாவது இரண்டு பம்ப் போனால் தோல்வி."

படி 2: கேள்விகளின் வரிசையை முடிவு செய்யுங்கள். பெரிய அமைப்புகளில் வரிசை தவறினால் படம் கட்டுக்கடங்காமல் பெருத்துவிடும். நமக்கு பேனல், அ, ஆ, இ என்ற வரிசை போதும்.

படி 3: வரையுங்கள். ஒவ்வொரு வட்டமும் "இது பழுதா?" என்று கேட்கும். பேனல் பழுதா? ஆம் என்றால் நேராகத் தோல்வி. இல்லை என்றால் அ. அதிலிருந்து இரண்டு கிளை, இரண்டிலும் ஆ வரும்.

அ பழுது என்ற கிளையில், ஆவும் பழுதென்றால் தோல்வி, நன்றாக இருந்தால் இ-யைக் கேட்க வேண்டும். அ நன்று என்ற கிளையில், ஆ நன்றென்றால் வெற்றி, பழுதென்றால் மறுபடியும் இ. கவனியுங்கள், இரண்டு இடத்திலும் இ-யிடம் கேட்பது ஒரே கேள்வி. அதனால் ஒரே வட்டம் போதும். நான்கு பாகங்களின் எல்லா நிலைகளையும் எழுதினால் வரும் 16 வரி அட்டவணை 5 வட்டமாகச் சுருங்கிவிட்டது.

படி 4: கீழிருந்து மேலாகக் கணக்கிடுங்கள். பழுதாகும் வாய்ப்பு பம்புக்கு 0.1, பேனலுக்கு 0.01 என்று கொள்வோம்.

அ பழுதான கிளை: 0.1 + 0.9 × 0.1 = 0.19
அ நன்றான கிளை: 0.1 × 0.1 = 0.01
அ வட்டம்: 0.1 × 0.19 + 0.9 × 0.01 = 0.028
மொத்தம்: 0.01 + 0.99 × 0.028 = 0.03772

பம்புகளை இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று ஜோடிகளையும் கூட்டினால் 0.028-க்குப் பதில் 0.03 வரும். மூன்றும் ஒன்றாகப் பழுதாகும் நிலை அதில் மூன்று முறை எண்ணப்படுகிறது. படத்தில் அந்தக் குழப்பமே கிடையாது, ஏனென்றால் ஒரு நிலைக்கு ஒரே பாதைதான்.

படி 5: இப்போது அதே படத்தோடு பழுதைத் தேடுங்கள். அழுத்தம் குறைந்துவிட்டது, அலாரம் அடிக்கிறது, வேறு தகவல் இல்லை. பேனல் காரணமாக இருக்க 0.01 / 0.03772, சுமார் 27% வாய்ப்பு. அ பழுதாக இருக்க சுமார் 53%. ஆனாலும் நான் பேனலைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன், ஒரு நிமிட வேலை. அது நன்றாக இருந்தால் அ மீதான சந்தேகம் 0.019 / 0.028, அதாவது 68% ஆகிறது.

அப்புறம்தான் சுவாரஸ்யம். அ நன்றாக ஓடினால் தோல்விக்குப் போக ஒரே பாதைதான் மிச்சம்: ஆ, இ இரண்டுமே பழுது. சோதிக்காமலே இரண்டுக்கும் ஆள் அனுப்பலாம்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு, பழுதுகள் ஒன்றையொன்று சாராதவை என்று நம்புகிறது. மூன்றுக்கும் பொதுவான உறிஞ்சு குழாயில் வடிகட்டி அடைத்தால் மூன்றும் சேர்ந்தே நிற்கும். அப்படி எது இருந்தாலும் அதற்குத் தனி வட்டம் போட்டு, பேனலுக்கு அடுத்ததாக வைத்து, மறுபடி வரையுங்கள்.