மெய்நிகர் கணினியில் அழித்த இடத்தை ஹோஸ்ட் கணினிக்குத் திரும்பப் பெறுவது எப்படி?

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை (மெய்நிகர் கணினி) மென்பொருளாகவே இயக்க உதவும் விர்ச்சுவல்பாக்ஸில் லினக்ஸையோ விண்டோஸையோ நிறுவிப் பழகத் தொடங்கியவர்கள் விரைவிலேயே ஒரு குழப்பத்தைச் சந்திக்கிறார்கள். மெய்நிகர் கணினிக்குள் 20 ஜிபி அளவுள்ள கோப்புகளை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்த பிறகும், அதைத் தாங்கி இயங்கும் உண்மையான கணினியான ஹோஸ்டில் ஒரு எம்பி கூடக் கூடுதலாகக் கிடைப்பதில்லை. இதில் பிழை ஏதுமில்லை. இரண்டு கணினிகளும் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

மெய்நிகர் கணினியின் வன்வட்டு என்பது, ஹோஸ்டைப் பொறுத்தவரை, விடிஐ வகையைச் சேர்ந்த ஒரு பெரிய கோப்பு மட்டுமே. 'டைனமிக்' முறையில் உருவாக்கப்பட்ட விடிஐ கோப்பு முதலில் சிறியதாக இருந்து, உள்ளே எழுத எழுத 1 எம்பி அளவுள்ள தொகுதிகளாக வளர்கிறது. ஆனால் தானாகச் சுருங்குவதில்லை. உள்ளே ஒரு கோப்பை அழிக்கும்போது அங்குள்ள இயங்குதளம் தன் பதிவேட்டில் மட்டும் அந்த இடத்தைக் 'காலி' என்று குறித்துக்கொள்வதால், பழைய தரவு அப்படியே கிடக்க, அது வேண்டாத தரவு என்பது விர்ச்சுவல்பாக்ஸுக்குத் தெரிய வழியில்லாமல் போகிறது.

படி 1: நிலவரத்தைப் பாருங்கள்

விர்ச்சுவல்பாக்ஸின் 'விர்ச்சுவல் மீடியா மேனேஜர்' பகுதியைத் திறந்தால் ஒவ்வொரு வட்டுக்கும் இரண்டு அளவுகள் தெரியும். ஒன்று அந்த வட்டு அதிகபட்சம் எட்டக்கூடிய அளவு. மற்றது இப்போது ஹோஸ்டில் உண்மையாகப் பிடித்திருக்கும் அளவு. ஹோஸ்டில் 40 ஜிபி மட்டுமே காலியாக இருக்கும்போதும் 100 ஜிபி டைனமிக் வட்டை உருவாக்க முடியும் என்பதால், உள்ளே காட்டப்படும் காலியிடத்தை நம்பி எழுதிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஹோஸ்ட் நிரம்பி, மெய்நிகர் கணினி பாதியில் நிறுத்தி வைக்கப்படும்.

படி 2: ஸ்னாப்ஷாட்களைக் கவனியுங்கள்

என் அனுபவத்தில் இடம் காணாமல் போவதற்கு முதல் காரணம், பின்னர் திரும்பிச் செல்வதற்காக மெய்நிகர் கணினியின் ஒரு கணத்து நிலையைச் சேமித்து வைக்கும் இந்த ஸ்னாப்ஷாட்கள்தான். ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியிலிருந்து புதிதாக எழுதப்படும் அனைத்தும் தனியொரு வேறுபாட்டுக் கோப்பில் சேர்கின்றன. பழைய வட்டில் எதுவும் குறைவதில்லை. தேவையற்ற ஸ்னாப்ஷாட்களை விர்ச்சுவல்பாக்ஸின் ஸ்னாப்ஷாட் பட்டியலிலிருந்தே நீக்க வேண்டும். ஹோஸ்டின் கோப்புறைக்குள் நுழைந்து கையால் அழித்தால், சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்து, மெய்நிகர் கணினியே திறக்காமல் போகலாம். நீக்கும்போது இரண்டு கோப்புகள் இணைக்கப்படுவதால் தற்காலிகமாகக் கூடுதல் இடம் தேவைப்படும். எனவே ஹோஸ்ட் முழுமையாக நிரம்பும்வரை காத்திருக்காதீர்கள்.

படி 3: உள்ளே துப்புரவு செய்யுங்கள்

விண்டோஸில் 'டிஸ்க் கிளீனப்' போதும். உபுண்டு போன்றவற்றில், பதிவிறக்கி வைக்கப்பட்ட நிறுவல் பொதிகளும் பழைய பதிவுக் கோப்புகளுமே பெரும்பாலும் இடத்தை அடைக்கின்றன.

படி 4: காலியிடத்தைச் சுழியங்களால் (0) நிரப்புங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு அடுத்த படிக்குச் செல்பவர்களே 'சுருக்கினேன், குறையவில்லை' என்று சொல்கிறார்கள். முழுவதும் சுழியமாக உள்ள தொகுதியை மட்டுமே விர்ச்சுவல்பாக்ஸால் கைவிட முடியும். விண்டோஸ் உள்ளே இருந்தால், மைக்ரோசாஃப்ட் வழங்கும் 'எஸ்டெலீட்' கருவியை 'இசட்' என்னும் தெரிவுடன் இயக்குங்கள். லினக்ஸில் 'ஜீரோஃப்ரீ' என்னும் கருவி உள்ளது. ஆனால் அது இஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைமைகளுக்கே பொருந்தும், வட்டின் அந்தப் பிரிவும் (பார்ட்டிஷன்) ஏற்றப்படாமலோ, படிக்க மட்டும் இயலும் நிலையில் ஏற்றப்பட்டோ இருக்க வேண்டும் என்பதால், மீட்பு முறையில் (ரெக்கவரி மோட்) தொடங்கிச் செய்வது எளிது. வட்டை உள்ளிருந்தே மறைகுறியாக்கம் (என்கிரிப்ட்) செய்திருந்தால் இந்த வழி பயன்படாது, ஏனெனில் எழுதப்படும் சுழியங்களும் மறைகுறியாகி வேறு தரவாகவே வட்டில் விழுகின்றன.

படி 5: சுருக்குங்கள்

மெய்நிகர் கணினியை முழுமையாக அணைத்துவிட்டு, ஹோஸ்டின் முனையத்தில் (டெர்மினல்) 'விபாக்ஸ்மேனேஜ்' கருவியின் 'மாடிஃபைமீடியம்' கட்டளையை, விடிஐ கோப்பின் முழுப் பாதையோடும் 'காம்பாக்ட்' என்னும் தெரிவோடும் இயக்குங்கள். பெரிய வட்டுக்குச் சற்று நேரம் பிடிக்கும். இடையில் நிறுத்த வேண்டாம். முதன்முறை செய்பவர்கள் விடிஐ கோப்பை வேறு வட்டில் நகலெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அந்த வட்டு ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை அது ஏற்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

உள்ளேதான் இடம் போதவில்லை என்றால்

இது எதிர்த்திசையிலான வேலை. மீடியா மேனேஜரில் வட்டின் அதிகபட்ச அளவை நகர்த்தி உயர்த்தினால் மட்டும் போதாது; உள்ளேயிருக்கும் பிரிவையும், அதன் கோப்பு முறைமையையும் விரிவாக்க வேண்டும். லினக்ஸில் ஜிபார்ட்டெட் என்னும் பிரிவுகளைக் கையாளும் கருவி இரண்டையும் ஒன்றாகச் செய்துவிடும். விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' பகுதியில் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாகத் தெரிந்தால், பெரும்பாலும் சி பிரிவுக்கும் புதிய காலியிடத்துக்கும் இடையே மீட்புப் பிரிவு குறுக்கே நிற்கிறது என்று பொருள். உயர்த்திய அதிகபட்ச அளவை விர்ச்சுவல்பாக்ஸில் பின்னர் குறைக்க முடியாது என்பதால், சிறிது சிறிதாகவே உயர்த்துங்கள். காணொளிகள், நிறுவல் படிமங்கள் போன்ற பருமனான கோப்புகளை ஹோஸ்டிலேயே வைத்து, 'ஷேர்டு ஃபோல்டர்' வழியாக உள்ளிருந்து திறந்துகொண்டால், பலருக்கு வட்டைப் பெரிதாக்க வேண்டிய தேவையே எழுவதில்லை.