தேசிய பாதுகாப்பு அகாடமி (என்.டி.ஏ.) கனவு: வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வாய்ப்பைத் தவறவிடும் இடங்கள்

கணியம்பாடியை ஒட்டியிருக்கும் கம்மவான்பேட்டைக்கு எங்கள் பக்கத்தில் ராணுவப்பேட்டை என்றும் பெயர் உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய ஊர். அணைக்கட்டு, குடியாத்தம் என்று எந்தப் பக்கம் போனாலும் தெருவுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் வீட்டைக் காட்டுவார்கள். இந்த மண்ணில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பள்ளியில் கணிதம் நடத்தியவன் நான். "பட்டாளத்துக்குப் போவேன்" என்று ஒரு மாணவனாவது சொல்லாத ஆண்டு கிடையாது. "அதிகாரியாகப் போவேன்" என்று சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களிலும் பலர் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த பிறகுதான் என்னிடம் வந்து நின்றார்கள். அதற்குள் சில கதவுகள் சத்தமில்லாமல் சாத்தப்பட்டிருந்தன.

அந்தக் கதவுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். அறிவில் குறைந்து தோற்றவர்களைவிட, விவரம் தெரியாமல் வாய்ப்பை இழந்தவர்களை நான் அதிகம் பார்த்துவிட்டேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதல் குழப்பம் எது எந்த வழி என்பதிலேயே இருக்கிறது. விடியற்காலையில் வேலூர்க் கோட்டை மைதானத்துக்குப் போனால், மூச்சு வாங்க ஓடும் பையன்களைப் பார்க்கலாம். கேட்டால் "மிலிட்டரி செலக்‌ஷனுக்கு" என்பார்கள். அந்த ஓட்டம் சிப்பாய் நிலையில் ஆள் எடுக்கும் அக்னிவீர் ஆள்சேர்ப்பு முகாமுக்கு உரியது. பள்ளி முடித்தவர்களை முப்படை அதிகாரிகளாக உருவாக்குவது புனே அருகே கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசிய பாதுகாப்பு அகாடமி, அதாவது என்.டி.ஏ. அதற்கு வழி வேறு. யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தும் எழுத்துத் தேர்வு, அதன் பிறகு எஸ்.எஸ்.பி. என்ற ஐந்து நாள் நேர்காணல், அதன் பிறகு மருத்துவப் பரிசோதனை. 1600 மீட்டர் ஓட்டம் இதில் எங்கும் கிடையாது. சேர்ந்த பிறகு மூன்று ஆண்டு அகாடமியில் பட்டப்படிப்போடு பயிற்சி. தரைப்படையைத் தேர்ந்தெடுத்தவர்கள் அடுத்த ஓராண்டு டேராடூனில் பயின்று லெப்டினன்ட் ஆகிறார்கள். பயிற்சிச் செலவு அரசுடையது. இதை ஒரு தகப்பனாரிடம் சொன்னபோது, "சார், அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு இல்லையா?" என்று கேட்டார். இருபது வருடம் சிப்பாயாகவும் ஹவில்தாராகவும் இருந்துவிட்டு வந்தவர் அவர்.

1806 ஜூலை 10 அன்று இதே வேலூர்க் கோட்டைக்குள் கிளர்ந்தெழுந்த சிப்பாய்களுக்கு, எவ்வளவு திறமை இருந்தாலும் சுபேதார் பதவிக்கு மேலே ஏற வழி இல்லை. இன்று அந்தத் தடை சட்டத்தில் இல்லை. நம் வீட்டுத் திண்ணையில் மட்டும் மிச்சம் இருக்கிறது.

பத்தாம் வகுப்பிலேயே நடக்கும் தவறுகள்

பதினோராம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு எடுக்கிறோம் என்பது பெரிய முடிவு. விமானப்படைக்கும் கடற்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் பன்னிரண்டாம் வகுப்பில் கட்டாயம். தரைப்படைக்கு எந்தப் பிரிவானாலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் எழுத்துத் தேர்வில் கணிதம் மட்டும் 300 மதிப்பெண். வணிகவியலோ, கணிதம் இல்லாத அறிவியல் பிரிவோ எடுத்த பிள்ளை அந்தத் தாளைத் தானாகப் படித்து எழுத வேண்டியிருக்கும். முடியாது என்று சொல்லமாட்டேன். கடினம் என்பதைப் பிரிவு எடுக்கும் நாளிலேயே அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று பெயரும் பிறந்த தேதியும். யு.பி.எஸ்.சி. ஏற்பது பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியைத்தான். பள்ளியில் சேர்க்கும்போது வயது கூட்டியோ குறைத்தோ ஒரு ஜூன் மாதத் தேதியைப் போட்டுவிடும் பழக்கம் நம் ஊர்களில் இருந்தது. அந்தத் தேதி பின்னால் ஒரு வாய்ப்பையே தின்றுவிடும். பெயரின் கதையும் இதுதான். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் மட்டும் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக நீண்டிருக்கும், இரண்டிலும் எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும். பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் தயாராகும்போது பள்ளியில் பெற்றோரின் கையெழுத்து கேட்பார்கள். அன்று கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். ஐந்து நிமிடத்து வேலை. விட்டுவிட்டால் பிறகு அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும்.

காலக்கணக்கு

பயிற்சி தொடங்கும் நாளில் வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடையில் இருக்க வேண்டும், திருமணம் ஆகியிருக்கக் கூடாது. பதினோராம் வகுப்பில் இருப்பவர்கள் விண்ணப்பிக்க முடியாது. பன்னிரண்டில் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். "பிளஸ் டூ முடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று வீட்டில் சொல்வது இங்கேதான் கெடுதல் செய்கிறது. வழக்கமாக ஒரு அறிவிப்பு டிசம்பரில் வரும், அதன் தேர்வு ஏப்ரலில். மற்றொன்று மே மாதத்தில் வரும், அதன் தேர்வு செப்டம்பரில்.

2008 ஆகஸ்டில் பிறந்து, 2025 ஜூனில் பன்னிரண்டாம் வகுப்புக்குள் நுழைந்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர், 2026 ஏப்ரல், 2026 செப்டம்பர், 2027 ஏப்ரல் என நான்கு தேர்வுகளுக்கு அவளுக்கு வயது இடம் கொடுக்கிறது. அவளைவிட இரண்டு மாதம் மூத்த, ஜூனில் பிறந்த தோழிக்கு மூன்றுதான். பிளஸ் டூ முடிவுக்குக் காத்திருந்தால் இருவரும் முதல் இரண்டை இழந்துவிடுவார்கள். முதல் தேர்வில் தேறாவிட்டாலும் அந்த அரங்கத்தில் உட்கார்ந்த அனுபவம் பெரியது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் விண்ணப்பக் கட்டணமே கிடையாது.

மாணவி என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்து, பெண்கள் இந்தத் தேர்வை எழுத வழி திறந்தது. 2022இல் அகாடமியில் சேர்ந்த முதல் அணியில் 17 பெண்கள் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். அவர்களுக்கான இடங்கள் இன்னும் குறைவுதான். "பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு" என்ற ஒரு சொல்லால் அந்தக் குறைவான இடத்தையும் நாமே விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கணிதத் தாளில் எல்லாவற்றையும் தொடுவது

இது என் பாடம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கணிதத்தில் 120 கேள்விகள், இரண்டரை மணி நேரம். ஒரு கேள்விக்கு 75 விநாடி. சரியான விடைக்கு இரண்டரை மதிப்பெண், தவறானால் அதில் மூன்றில் ஒரு பங்கு கழியும். பொதுத் திறன் தாள் 600 மதிப்பெண்ணுக்கு. அதில் 200 ஆங்கிலத்துக்கு, மீதி பொது அறிவுக்கும் அறிவியலுக்கும். ஆக மொத்தம் 900.

நம் பொதுத்தேர்வுப் பழக்கம் "எதையும் விடாதே, எதையாவது எழுது" என்பது. அது இங்கே ஆளைக் கவிழ்க்கும். என் மாணவன் ஒருவன் மாதிரித் தேர்வில் 110 கேள்விகளைத் தொட்டான். 50 சரி, 60 தவறு. 125இல் 50 கழிந்து 75 நின்றது. பக்கத்தில் இருந்தவன் 55தான் தொட்டான். 45 சரி, 10 தவறு. அவனுக்கு 104. குறைவாகத் தெரிந்தவன் அதிகம் வாங்கினான். முன்னவன் அன்று மாலை வெகுநேரம் என்னோடு பேசவில்லை.

கட் ஆஃப் பற்றிய பயமும் தேவையில்லாதது. அண்மை ஆண்டுகளில் எழுத்துத் தேர்வின் கட் ஆஃப் 900க்கு ஏறக்குறைய 290இல் இருந்து 360 வரைதான் இருந்திருக்கிறது. பிளஸ் டூவில் 95 சதவீதம் எடுக்காதவனுக்கு இது இல்லை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். ஒவ்வொரு தாளிலும் குறைந்தபட்ச சதவீதம் உண்டு என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஒன்றில் குவித்து மற்றதில் சரிந்தால் பயனில்லை.

வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ்வழிப் பிள்ளைக்கு அணிக்கோவையின் மதிப்பு காணத் தெரியும், தொகையிடத் தெரியும். டிடர்மினன்ட், இன்டக்ரல் என்று பார்த்ததும் கை நின்றுவிடும். இது கணிதத்தின் குறை அல்ல, பெயர்களின் குறை. ஒரு நாற்பது பக்க நோட்டுப் போடுங்கள். இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல், கீழே ஒரு கணக்கு. மூன்று மாதத்தில் தயக்கம் போய்விடும், கண்ணால் பார்த்திருக்கிறேன். பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒப்புக்கு முடித்துவிட்டு நேராகப் பன்னிரண்டுக்குத் தாவும் பள்ளிகளில் படிப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: முக்கோணவியல், பகுமுறை வடிவியல், நிகழ்தகவு எல்லாம் இந்தத் தாளில் நிறைய வரும்.

எஸ்.எஸ்.பி.: தன்னை மறைத்துக்கொள்வது

எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண் என்றால் எஸ்.எஸ்.பி.க்கும் அதே 900. ஆனாலும் எழுத்துத் தேர்வுக்கு ஒரு வருடம் படிப்பார்கள், எஸ்.எஸ்.பி.க்கு ஒரு வாரம் ஒதுக்குவார்கள். முதல் நாளிலேயே ஒரு வடிகட்டல் உண்டு. மங்கலான ஒரு படத்தை அரை நிமிடம் காட்டுவார்கள். நான்கு நிமிடத்தில் ஒரு கதை எழுத வேண்டும், பிறகு குழுவாக உட்கார்ந்து விவாதிக்க வேண்டும். இதில் நிற்காதவர்கள் அன்றே ஊர் திரும்ப வேண்டியதுதான். அடுத்தடுத்த நாட்களில், சொல் ஒன்றுக்கு 15 விநாடி என்று 60 சொற்களுக்கு வாக்கியம் எழுதுவது, தடைகளைத் தாண்டுவது, குழுவாகப் பலகையும் கயிறும் வைத்துப் பள்ளம் கடப்பது, தனி நேர்காணல் என்று நீளும்.

மனப்பாடம் செய்த கதைகளும் வாக்கியங்களும் இங்கே நிற்காது. நூற்றுக்கணக்கானவர்கள் அதே பயிற்சிப் புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டு அங்கே வருகிறார்கள்.

பொய்கைக்கு அருகிலிருந்து வந்த ஒரு மாணவன் எழுத்துத் தேர்வில் தேறி எஸ்.எஸ்.பி.க்குப் பெங்களூர் போனான். முதல் நாள் வடிகட்டலைத் தாண்டினான், இறுதியில் தேர்வாகவில்லை. திரும்பி வந்தவனிடம், தன்விவரப் படிவத்தில் பொழுதுபோக்கு என்று என்ன எழுதினாய் என்று கேட்டேன். "டிரெக்கிங், கிதார், சார்." கிதாரை அவன் தொட்டதே இல்லை. நேர்காணல் அதிகாரி இரண்டே கேள்விகளில் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"செவ்வாய்க்கிழமை காலையில் எங்கே இருப்பாய்?" என்று கேட்டேன். அவனுடைய அப்பா மாட்டு வியாபாரி. பொய்கைச் சந்தை செவ்வாய்தோறும் கூடும். பள்ளி விடுமுறையென்றால் இருட்டோடு அங்கே போய்விடுவான். மாட்டின் வாயைத் திறந்து பல்லை எண்ணி வயது சொல்வான், நடையைப் பார்த்துக் காலில் கோளாறு இருக்கிறதா என்று சொல்வான். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் பெரியவர்களோடு சரிக்குச் சரி நின்று பேரம் முடிப்பான். ஒருமுறை வாங்கிய மாடு வண்டியில் ஏற மறுத்து மிரண்டு ஓடியபோது, கூட்டத்தை ஒதுக்கி, இரண்டு பேரை ஒரு பக்கம் நிறுத்தி, அதை மடக்கிப் பிடித்தவனும் அவன்தான். பொறுப்பு, உடனே முடிவெடுப்பது, மனிதர்களோடு பழகுவது என்று அந்த அதிகாரிகள் ஐந்து நாள் தேடுவது அத்தனையும் இதில் இருக்கிறது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, கிதாரை எழுதினான்.

"சந்தையை எப்படி சார் இங்கிலீஷில் சொல்வது?" என்றான். அவனுக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்திலேயே சொல்லலாம். நுனிநாக்கு ஆங்கிலத்துக்கு அங்கே தனி மதிப்பெண் கிடையாது. தடுமாறாமல், கேட்ட கேள்விக்கு நேரான பதிலாக இருந்தால் போதும். இதற்கு வகுப்பில் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், நான்கு பேர் முன்னால் நின்று பேசிப் பழகுவது எந்தப் பயிற்சி மையத்துக்கும் குறைந்ததில்லை.

என்.சி.சி. சான்றிதழ் இருந்தால் இடம் நிச்சயம் என்று சொல்பவர்களையும் நம்பாதீர்கள். முகாம்களில் கிடைக்கும் பழக்கம் உதவும், என்.டி.ஏ. மதிப்பெண்ணில் அதற்கென்று எதுவும் கூட்டுவதில்லை. "மேலிடத்தில் ஆள் இருக்கிறது, இரண்டு லட்சம் கொடுங்கள்" என்று வருபவனை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். நிலத்தை அடகு வைத்துப் பணம் கொடுத்து ஏமாந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

உடம்பைக் கடைசியில் பார்ப்பது

வேலூரில் இருந்துகொண்டு மருத்துவர் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சி.எம்.சி. இருக்கிறது, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆனாலும் நிறக்குருடு இருக்கிறது என்பதை ராணுவ மருத்துவர் சொல்லித்தான் பல பிள்ளைகள் தெரிந்துகொள்கிறார்கள். பதினோராம் வகுப்பிலேயே கண், காது, பல், முட்டி, பாதம் ஆகியவற்றை ஒருமுறை காட்டிவிடுங்கள். காது அழுக்கு, சொத்தைப் பல் போன்றவை முன்பே தெரிந்தால் சுலபமாகச் சரியாகிவிடும். முதல் பரிசோதனையில் தகுதியில்லை என்றாலும், மறுபரிசோதனைக்கு மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் தெரிந்துவைத்திருங்கள்.

பச்சை குத்துவதைப் பற்றி ஒரு சொல். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாக் கூட்டத்தில் ஒரு பையன் ஆசையாக அம்மா பெயரை மார்பில் குத்திக்கொண்டான். முழங்கையின் உட்புறம் முதல் மணிக்கட்டு வரையிலும் புறங்கையிலும்தான் நிரந்தரப் பச்சைக்கு அனுமதி. அம்மா மீது இருந்த பாசமே அவனுக்குத் தடையாகிவிட்டது.

ஒரு கதவோடு நின்றுவிடுவது

ஒரு தேர்வுக்கு ஏறக்குறைய 400 இடங்கள், எழுதுபவர்களோ லட்சக்கணக்கில். நல்ல பிள்ளைகளுக்கும் கிடைக்காமல் போகும். அதனால் பக்கத்துக் கதவுகளையும் தட்டி வைக்க வேண்டும். பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயின் எழுதியிருந்து, இயற்பியல், வேதியியல், கணிதத்தில் 60 சதவீதம் இருந்தால் தரைப்படையின் தொழில்நுட்ப நுழைவுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு யு.பி.எஸ்.சி. தேர்வு இல்லை, நேராக எஸ்.எஸ்.பி. கடற்படையிலும் ஜே.இ.இ. வழியாகக் கேரளத்தின் எழிமலையில் இருக்கும் கடற்படை அகாடமியில் பி.டெக். படிக்கும் வழி இருக்கிறது. வீட்டில் ஆறாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ சேரப்போகும் தம்பி, தங்கை இருந்தால் பிள்ளைகளை என்.டி.ஏ.வுக்குத் தயார்படுத்தும் உடுமலை அமராவதிநகர் சைனிக் பள்ளியின் நுழைவுத் தேர்வை இப்போதே விசாரியுங்கள். சென்னை பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குப் பன்னிரண்டு முடித்த கையோடு போக முடியாது. அது பட்டதாரிகளுக்கானது, யு.பி.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.டி.எஸ். தேர்வு அதற்கு ஒரு வழி.

பொய்கைப் பையனுக்கு வயது தாண்டிவிட்டது. இப்போது வேலூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் படிக்கிறான், கடைசி ஆண்டு. சி.டி.எஸ்.ஸுக்கு விண்ணப்பித்திருக்கிறான். போன வாரம் மாதிரிப் படிவம் ஒன்றை நிரப்பி எடுத்து வந்தான். பொழுதுபோக்கு என்ற இடத்தில் மாட்டுச் சந்தை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தான், ஒரு எழுத்துப் பிழையோடு. பிழையை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.