ஆக்சலாட்டலின் செவுள் சின்னதாக இருக்கிறதா? அவசரப்பட்டுச் செய்யும் தவறுகள்

ஆக்சலாட்டல் என்பது வாழ்நாள் முழுவதும் நீரிலேயே இருக்கும் ஒரு வகை சாலமாண்டர். படத்தில் பார்க்கும் ஆக்சலாட்டலுக்குத் தலையின் இருபுறமும் இறகு விரித்தாற்போல் செவுள் இருக்கும். நம் தொட்டியில் இருப்பதற்கோ பக்கத்துக்கு மூன்று காம்பு, அதில் கொஞ்சம் இழை, அவ்வளவுதான். உடனே நோய் என்று பயந்து மருந்தைத் தேடுகிறார்கள். முதல் தவறே இதுதான்.

செவுளின் அளவு பிறவியிலேயே ஒன்றுக்கொன்று மாறும். அதோடு, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் அதை ஈடுகட்ட இழைகள் நீண்டு அடர்த்தியாகும். காற்றோட்டம் நன்றாக உள்ள தொட்டியில் அவ்வளவு பெரிய செவுள் அதற்குத் தேவைப்படாது. தோல் வழியாகவும் அது சுவாசிக்கிறது. அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றும் குடித்துக்கொள்ளும். அதனால் செவுள் பெரிதாக வளரட்டும் என்று ஏர் பம்பை நிறுத்துவது கொடுமை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அடுத்த வீட்டு ஆக்சலாட்டலோடு ஒப்பிடாமல், போன மாதம் இதே ஆக்சலாட்டல் எப்படி இருந்தது என்று பாருங்கள். மாதம் ஒருமுறை ஒரே கோணத்தில் ஒரு படம் எடுத்து வைத்தால் போதும். இழைகள் உதிர்ந்து காம்பு மொட்டையாகிக்கொண்டே வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

அப்படி ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது தண்ணீரை. 'கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறதே' என்பார்கள். கழிவிலிருந்து வரும் அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. இழையின் தோல் மிக மெல்லியது, அதை ஒட்டியே ரத்தம் ஓடுகிறது. அம்மோனியா முதலில் அரிப்பது அங்கேதான். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும், பாக்டீரியா அதை மாற்றி உண்டாக்கும் நைட்ரைட்டும் 0 காட்ட வேண்டும், கடைசியில் மிஞ்சும் நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. புதுத் தொட்டியில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா பெருகப் பெரும்பாலும் 4 முதல் 8 வாரம் ஆகும். அதற்குள் ஆக்சலாட்டலை விட்டுவிடுவதும், ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசி அந்த பாக்டீரியாவைக் கொன்றுவிடுவதும் அடிக்கடி நடப்பவை. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பஞ்சை அலசுங்கள். குளோரின் நீக்காத தண்ணீரும் செவுளைப் பொசுக்கும்.

அப்புறம் வெப்பம். இது மெக்சிகோவின் சோச்சிமில்கோ ஏரியில் குளிர்ந்த நீரில் வாழ்ந்த உயிரினம். 16 முதல் 18 டிகிரி செல்சியஸ்தான் இதற்குச் சுகம். 24-ஐத் தாண்டினால் தவிக்கும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, உடலுக்கோ தேவை கூடுதல்.

செவுள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். நிம்மதியாக இருக்கும்போது அது பின்னோக்கித் தளர்ந்து கிடக்கும். முகத்தை நோக்கி முன்னால் வளைந்து, வால் நுனியும் கொக்கி போல் சுருண்டிருந்தால் ஏதோ சரியில்லை. பல நேரம் காரணம் ஃபில்டரின் வேகமான நீரோட்டம்தான். நீர் விழும் வாயைக் கண்ணாடிச் சுவர் பக்கம் திருப்பிவிட்டுப் பாருங்கள். தண்ணீரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

கூட மீன் விடாதீர்கள். அசையும் இழையைப் புழு என்று நினைத்துக் கடிக்கும். குட்டி ஆக்சலாட்டல்களும் ஒன்றையொன்று கடிக்கும், பிரித்தே வளர்க்க வேண்டும்.

நிறம் மாறுவதற்கு அவ்வளவு பதற வேண்டாம். ஓடியாடும்போது ரத்தம் பாய்ந்து சிவக்கும், ஓய்வில் வெளுக்கும். நாள் கணக்கில் வெளுத்தே இருந்து, சாப்பிடவும் மறுத்தால் அது வேறு.

செவுளில் பஞ்சு போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் பூஞ்சை. இடுக்கியால் பிய்க்காதீர்கள், இழையும் சேர்ந்து வரும். தனிப் பாத்திரத்தில் குளிர்ந்த, குளோரின் நீக்கிய தண்ணீரில் வைத்துத் தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றுங்கள். செம்பு கலந்த மீன் மருந்து ஆகவே ஆகாது, தோல் வழியாக உள்ளே போய்விடும். நீர்நில உயிர்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கேட்டு மருந்து கொடுங்கள்.

தண்ணீர் சரியானதும் செவுள் மறுநாளே வளர்ந்துவிடாது. வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் பொறுமை இழந்து ஃபில்டர், மருந்து, உணவு என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். தண்ணீரை அப்படியே நிலையாக வைத்திருங்கள். மொட்டைக் காம்பின் ஓரத்தில் மெல்லிய குருத்துகளாகப் புது இழைகள் எட்டிப் பார்க்கும்.