துப்பறியும் கதைப் பிரியருக்குப் பரிசு: நாம் செய்யும் தவறுகள்

என் பெரியப்பா வாடகை நூலகத்திலிருந்து எடுத்து வரும் பாக்கெட் நாவல்களை, இரவு சாப்பாடு முடிந்ததும் ஊஞ்சலில் படுத்தபடி படிப்பார். ஒருநாள் பத்துப் பதினைந்து பக்கம்கூடப் போயிருக்காது, புத்தகத்தைப் பட்டென்று மூடிவிட்டார். என்ன ஆச்சு என்று எடுத்துப் பார்த்தேன். ஒரு பெயரைச் சுற்றி நீலப் பேனாவில் வட்டம் போட்டு, ஓரத்தில் ‘இவன்தான்’ என்று எழுதியிருந்தது. முன்னால் படித்த யாரோ செய்த வேலை. “இனிமே இதுல என்ன இருக்கு?” என்றார் பெரியப்பா. மறுநாள் காலையே புத்தகம் நூலகத்துக்குத் திரும்பிவிட்டது.

மர்மக் கதைப் பிரியர் ஒருவருக்குப் பரிசு வாங்கக் கிளம்பும்போதெல்லாம் எனக்கு அந்த வட்டம்தான் ஞாபகம் வரும். அவர்களுக்குக் கண்டுபிடிக்க ஏதாவது ஒன்றை மிச்சம் வைத்துக் கொடுப்பதுதான் நல்ல பரிசு. நாம் செய்யும் தவறுகளில் பாதி, அதை மறந்துவிடுவதால் வருகிறது.

முதல் தவறு கொடுக்கும் கையோடு நடக்கிறது. புத்தகத்தை நீட்டியபடியே, “கடைசியில ஒரு திருப்பம் இருக்கு பாருங்க, நீங்க எதிர்பார்க்கவே மாட்டீங்க” என்று சொல்லிவிடுகிறோம். ஆசையில் சொல்வதுதான். ஆனால் பழகின வாசகருக்கு அதுவே பெரிய துப்பு. எல்லாரையும் விட நல்லவனாகத் தெரிகிறவன்மேல் அவர் இரண்டாவது அத்தியாயத்திலேயே சந்தேகப்படத் தொடங்கிவிடுவார். புத்தகத்தின் முதல் பக்கத்தில் வாழ்த்து எழுதும்போதும் பெயர், தேதி, அன்பு, இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பின்னட்டையையும் முன்னுரையையும் நீங்கள் ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. பழைய நாவல்களின் மறுபதிப்புகளில், முன்னுரை எழுதுகிறவர் முடிவை அலசி வைத்துவிடுவது உண்டு. அப்படி இருந்தால், “முன்னுரையைக் கடைசியில் படிக்கவும்” என்று ஒரு சின்னத் துண்டுச் சீட்டை அங்கே செருகிக் கொடுங்கள். லண்டனில் 1952-இல் மேடையேறிய அகதா கிறிஸ்டியின் ‘தி மவுஸ்டிராப்’ நாடகத்தில், முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று பார்வையாளர்களிடம் கேட்டுக்கொள்வது இன்றுவரை வழக்கம். ஒரு நகரமே காப்பாற்றுகிற ரகசியத்தை நாம் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் போட்டு உடைக்கக் கூடாது.

அடுத்தது, ஏற்கெனவே இருக்கிற புத்தகத்தையே வாங்கிப் போய் நிற்பது. வேறெந்த வகை வாசகரையும்விட மர்மக் கதை வாசகரிடம் இது அதிகம் நடக்கும். ஒரே கதைக்குப் பல தலைப்புகள் இருப்பதுதான் காரணம். கிறிஸ்டியின் ‘மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ 1934-இல் அமெரிக்காவில் ‘மர்டர் இன் தி கலே கோச்’ என்ற பெயரில் வந்தது. ‘4.50 ஃப்ரம் பாடிங்டன்’ அங்கே ‘வாட் மிஸஸ் மெக்கில்லிகடி சா’ ஆகிவிட்டது. பழைய புத்தகக் கடையில் அமெரிக்கப் பதிப்பைப் பார்த்து, “இது அவர்கிட்ட இருக்காது” என்று வாங்கினால் ஏமாற்றம்தான். தமிழில் வேறு மாதிரி சிக்கல். ராஜேஷ்குமார் எழுதிய நாவல்கள் 1500-க்கும் மேல். மாத நாவலாகத் தனியாக வந்தவற்றை இரண்டு மூன்றாகச் சேர்த்துப் புது அட்டையோடு ஒரே புத்தகமாகவும் போடுகிறார்கள். முப்பது வருஷமாகப் படிக்கிற ஒருவரிடம் எது இல்லை என்று அட்டையைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

வழி ரொம்ப எளிது. அவர் வீட்டில் இருக்கிற யாரையாவது விட்டு அலமாரியை போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முதுகுப் பக்கம் தெரிகிற மாதிரி, தட்டுக்கு ஒரு படம். அதில் இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். கட்டிலுக்கு அடியில் இருக்கிற அட்டைப்பெட்டியை விட்டுவிடாதீர்கள், பாக்கெட் நாவல்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அப்புறம், மாற்றிக்கொள்ள முடியுமா என்று கடையில் கேட்டு, பில்லை நீங்கள் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

படம் கைக்கு வந்தால் இன்னொரு உண்மையும் தெரியும். ‘மர்மம்’ என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டுவது, படிக்கிறவருக்கு நாலைந்து தனித்தனி உலகம். எழுத்தாளர் தேவனின் துப்பறியும் சாம்பு வங்கிக் குமாஸ்தா. எதையோ செய்யப் போய், அதிர்ஷ்டத்தில் குற்றவாளியைப் பிடித்துவிடுகிறவர். சாம்புவை மடியில் வைத்துச் சிரித்து வளர்ந்த ஒருவருக்கு, ரத்தம் தெறிக்கிற அட்டையோடு ஒரு தொடர்கொலை நாவலைக் கொடுத்தால் என்ன செய்வார், பாவம்? சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வக்கீல்கள். அங்கே சுகம் பேச்சில் இருக்கிறது, வாதத்தில் இருக்கிறது. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா, சுபாவின் நரேன் - வைஜயந்தி என்றால் ஓட்டமும் சீண்டலும். ஷெர்லாக் ஹோம்ஸ் வாசகருக்கு வேண்டியது தர்க்கம். அவருக்குப் பேய்க்கதை கொடுத்தால், காரணம் சொல்லாமல் தப்பித்துவிட்டார்களே என்று கோபம்தான் வரும்.

இதில் நான் ரொம்பவும் கவலைப்படுவது, நிஜக் குற்ற வழக்குப் புத்தகங்களைக் கதை வாசகருக்குக் கொடுப்பது பற்றி. 1944-இல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு, 1952-இல் ஆளவந்தார் கொலை வழக்கு என்று சென்னையை உலுக்கிய வழக்குகள் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆளவந்தாரின் தலையில்லாத உடல் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தது. கதையில் செத்தவர் புத்தகத்தை மூடினால் போய்விடுவார். நிஜத்தில் செத்தவருக்கு ஒரு குடும்பம் இருந்தது. அதைத் தாங்கிப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் புதிர் பிடிக்கும் என்பதற்காக எல்லாருக்கும் பிணமும் பிடிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் சமீபத்தில் ஒரு சாவு நடந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நிஜ வழக்குகளில் ஆர்வம் உள்ளவர் என்றால், எழும்பூரில் பழைய கமிஷனர் அலுவலகக் கட்டடத்தில் 2021-இல் திறந்த காவல் அருங்காட்சியகத்துக்கு ஒருநாள் கூட்டிப் போவதுகூட நல்ல பரிசு. விடுமுறை நாளை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எது பிடிக்கும் என்று நேராகக் கேட்டால் பரிசு தெரிந்துபோகும். “கடைசியா எந்தக் கதை உங்களைத் தூங்கவிடாம பண்ணிச்சு?” என்று பேச்சுவாக்கில் கேளுங்கள், போதும். வந்து கொட்டிவிடுவார்கள்.

புத்தகம் வேண்டாம், வேடிக்கையாக ஏதாவது கொடுக்கலாம் என்று போனால், கடைகளில் கிடைப்பது பூதக்கண்ணாடியும் காது மூடும் தொப்பியும் வாசகம் அச்சடித்த மக்கும்தான். இவற்றில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஹோம்ஸ் தன் நண்பர் வாட்சனிடம் சொல்வதாக “எலிமென்டரி, மை டியர் வாட்சன்” என்ற வரி மக்கிலும் டி-சர்ட்டிலும் கண்ணில் படாத இடமில்லை. ஆர்தர் கோனன் டாயில் எழுதிய 4 ஹோம்ஸ் நாவல்களிலும் 56 சிறுகதைகளிலும் அந்த வரி அதே வடிவில் எங்கேயும் கிடையாது. அந்தத் தொப்பியும் அப்படித்தான். ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் சிட்னி பேஜெட் வரைந்த படங்கள் வழியாகத்தான் அது ஹோம்ஸின் தலையில் நிலைத்தது. தீவிர வாசகருக்கு இதெல்லாம் அத்துப்படி. பரிசைப் பிரித்த நிமிஷமே, இவர் அந்தக் கதையைத் தொட்டதே இல்லை என்று அவருக்குப் புரிந்துவிடும். பூதக்கண்ணாடி கொடுப்பதானால் நல்ல லென்ஸாகக் கொடுங்கள். பித்தளைக் கைப்பிடி பளபளக்க, உள்ளே அலை அலையாகத் தெரிகிற பிளாஸ்டிக் வேண்டாம். கடையிலேயே செய்தித்தாளின் சின்ன எழுத்தின்மேல் வைத்துப் பாருங்கள், ஓரம்வரை நேராகத் தெரிய வேண்டும். ஜன்னலோரம் வெயிலில் வைக்கக் கூடாது, தீப்பிடிக்கும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

தமிழ் வாசகருக்குத் தமிழ்க் கதையிலிருந்தே பொருள் எடுக்கலாமே. தமிழ்வாணனின் சங்கர்லாலைப் படித்தவர்களுக்குத் தேநீர் என்றாலே சங்கர்லால்தான். நல்ல நீலகிரித் தேயிலை கால் கிலோ, ஒரு கண்ணாடித் தம்ளர், கூடவே ஒரு சங்கர்லால் நாவல். அறுபதைத் தாண்டிய ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள், முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

விளையாட்டுகளில் ஆள் எண்ணிக்கையை மறந்துவிடுகிறோம். 1949-இல் இங்கிலாந்தில் வந்த க்ளூடோ என்ற பலகை விளையாட்டில் சந்தேக நபர்கள் 6, ஆயுதங்கள் 6, அறைகள் 9. ஆக 324 விடைகளில் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். அருமையான விளையாட்டு. ஆனால் அதன் பல பதிப்புகளுக்கு மூன்று பேராவது வேண்டும். புதிதாகக் கல்யாணமான ஜோடிக்குக் கொடுத்தால் பெட்டி பிரிக்காமலே கிடக்கும். மர்ம எதிரி ஒருவரை லண்டன் வரைபடத்தில் துரத்துகிற ‘ஸ்காட்லாண்ட் யார்டு’ இரண்டு பேருக்கும் ஒத்துவரும். படிக்க வேண்டியதும் குறைவு, ஆங்கிலம் பழகாத பெரியவர்களும் சேர்ந்துகொள்ளலாம். ‘எக்ஸிட்’ வரிசைப் புதிர் விளையாட்டுகளை ஒரே ஒருமுறைதான் ஆட முடியும், தாளை மடிக்கவும் வெட்டவும் சொல்லும். அதைச் சொல்லாமல் கொடுத்தால், பத்திரமாக வைத்திருக்க நினைக்கிறவர் கத்திரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு தவிப்பார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, நாமே ஒரு புதிர் செய்து கொடுப்பது. இதில்தான் நான் அதிகம் தவறியும் இருக்கிறேன். ரகசிய மை என்று சோற்றுக் கஞ்சியில் எழுதினேன். அயோடின் கரைசலைத் தடவினால் மாவுச்சத்து கருநீலமாக மாறும், எழுத்து தெரியும் என்று பள்ளிப் பாடத்தில் படித்தது. தடவியதும் தாள் முழுக்கக் கருத்துவிட்டது. கடையில் வாங்கும் தாள்கள் பலவற்றிலும் தயாரிக்கும்போதே மாவுச்சத்து சேர்க்கிறார்கள். அதைவிட எலுமிச்சைச் சாறே மேல். தீக்குச்சியில் எழுதி, நன்றாகக் காயவிட்டு, தேய்ப்புப் பெட்டியால் சூடு கொடுத்தால் பழுப்பாக எழுத்து வரும். மெழுகுவர்த்தி, அடுப்புச் சுடர் பக்கம் தாளைக் கொண்டுபோக வேண்டாம்.

சங்கேத மொழி வைக்கும்போது பலரும் ஆங்கில எழுத்துகளை முன்னும் பின்னும் நகர்த்துகிறார்கள். தமிழுக்கு அது ஒட்டாது. நம் எழுத்து வரிசையிலேயே அழகான பூட்டு இருக்கிறது. 18 மெய்க்கும் 12 உயிருக்கும் வரிசை எண் கொடுங்கள். உயிர்மெய் எழுத்துக்கு முதலில் மெய்யின் எண், அடுத்து உயிரின் எண். தனி உயிர் வந்தால் மெய் இடத்தில் 0, தனி மெய் வந்தால் உயிர் இடத்தில் 0. இப்படி எழுதினால் ‘அலமாரி’ என்ற சொல் 0-1, 13-1, 10-2, 12-3 ஆகிவிடும். சீட்டில் எண்களை மட்டும் எழுதி, ‘பதினெட்டும் பன்னிரண்டும்’ என்று ஒரு குறிப்பு கொடுத்தால் போதும். தமிழ்ப் பாடம் படித்த எவரும் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டுப் பிடித்துவிடுவார்கள். அந்தக் கொஞ்ச நேரம்தான் பரிசு. சீட்டு ஐந்துக்கு மேல் போகக் கூடாது. முதலில் வேறு யாரிடமாவது கொடுத்துப் பாருங்கள், உங்களுக்கு எளிது என்று தோன்றுவது அவர்களுக்குச் சுவராக இருக்கலாம். வீட்டைப் பெருக்குகிறவர்களிடமும் சொல்லிவைக்க வேண்டும், மூன்றாவது துப்பு குப்பையோடு போய்விட்டால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். வேடிக்கை என்று “உன் ரகசியம் எனக்குத் தெரியும்” பாணியில் பெயரில்லாத கடிதம் போடுவது, போலீஸ் பேசுகிற மாதிரி போன் பண்ணுவது. தனியாக இருக்கிற ஒருவருக்கு அது கதையாகத் தெரியாது. இணையத்தில் போலீஸ் வேஷம் போட்டுப் பணம் பறிக்கிற காலம் இது, பயந்துவிடுவார்கள். முதல் சீட்டிலேயே உங்கள் பெயர் இருக்கட்டும்.

கடைசியாக, பழைய புத்தகம். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்த தொகுப்புகள், ஓவியங்களோடு, பழைய புத்தகக் கடைகளில் இன்னும் கிடைக்கின்றன. ரசிகருக்கு அதைவிட மேலான பரிசை நான் பார்த்ததில்லை. ஆனால் அப்படியே வாங்கிவிடாதீர்கள். நின்றபடியே அத்தியாய எண்களை ஒன்று விடாமல் புரட்டிப் பாருங்கள். கிழித்துச் சேர்த்த தொகுப்பில் ஒரு வாரம் விட்டுப்போவது சாதாரணம், கடைசி வாரம் விட்டுப்போனால் மொத்தமும் வீண். கடைசிப் பக்கத்தில் ‘முற்றும்’ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அதற்கு மேல் கண்ணை ஓட்டினால் முடிவு உங்களுக்குத் தெரிந்துவிடும். ஓரங்களில் பேனாக் கிறுக்கல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெரியப்பா அன்று பாதியில் மூடிய அந்த நாவலின் இன்னொரு பிரதி, பல வருஷம் கழித்து ஒரு நடைபாதைக் கடையில் எனக்குக் கிடைத்தது. கிறுக்கல் எதுவும் இல்லை. அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்குக் கொடுத்தேன். தலைப்பைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது, வட்டம் போட்டிருந்த பெயர்கூட அவருக்கு மறக்கவில்லை. ஆனாலும் சாப்பாடு முடிந்ததும் ஊஞ்சலில் படுத்துக்கொண்டு ஆரம்பித்தார். ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு போன் வந்தது.

“அவன் இல்லடா” என்றார்.