இந்தி பேசும் குழந்தைகளுக்கு ஆங்கில உணர்ச்சி இடியம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘ஐ ஹேவ் பட்டர்ஃபிளைஸ் இன் மை ஸ்டமக்’ என்றால் என்ன என்று இந்தி பேசும் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். ‘பூக் லகீ ஹை’, அதாவது பசிக்கிறது என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். அந்தப் பிள்ளை கவனிக்காமல் இருந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், நன்றாக யோசித்துத்தான் சொல்கிறது. கடும் பசிக்கு இந்தியில் ‘பேட் மே சூஹே தௌட் ரஹே ஹைன்’, வயிற்றில் எலிகள் ஓடுகின்றன என்பார்கள். வயிற்றுக்குள் ஏதாவது ஓடினாலோ பறந்தாலோ அது பசிதான் என்பது வீட்டிலேயே கற்ற பாடம். ஆங்கிலத்தில் அந்தப் பட்டாம்பூச்சி, மேடை ஏறுவதற்கு முன் வரும் படபடப்பு. இப்படிச் சொல்லுக்குச் சொல் பொருள் தராத மரபுத்தொடர்தான் இடியம்.

வட மாநிலக் கேந்திரிய வித்யாலயாக்களுக்கு மாற்றலாகிப் போகும் தமிழ் ஆசிரியர்கள், ஆன்லைனில் டியூஷன் எடுப்பவர்கள், திருப்பூரிலும் சென்னையிலும் வட மாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருபவர்கள் என்று இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் நிறைய. அனுபவசாலிகள் ஒரு காலத்தில் விழுந்த அதே பள்ளங்களில்தான் இவர்களும் விழுகிறார்கள். ஸ்பெல்லிங், உச்சரிப்பு பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவை தானாகவே கண்ணில் படும், திருத்திவிடலாம். கண்ணில் படாமல் வருடக்கணக்கில் பிள்ளையோடு போகும் தவறுகள்தான் கவலைக்குரியவை.

இடியத்துக்கு இடியத்தையே பொருளாகக் கொடுப்பது

மற்ற எல்லாத் தவறுகளையும் சேர்த்தாலும் இது செய்யும் கெடுதலுக்கு ஈடாகாது. நோட்டை இரண்டு பத்தியாகப் பிரித்து இடப்பக்கம் ஆங்கில இடியம், வலப்பக்கம் முஹாவ்ரா, அதாவது இந்தி மரபுத்தொடர் என்று எழுதிப்போடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். பிள்ளைகளும் சட்டென்று மனப்பாடம் செய்துவிடும். மனப்பாடம் ஆகிவிட்டதால் புரிந்துவிட்டது என்று ஆசிரியரும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். இரண்டு மொழியிலும் ஒரே உடலுறுப்பு வந்தால் ஒரே உணர்ச்சிதான் என்று முடிவு கட்டுவதில்தான் கோளாறு தொடங்குகிறது.

‘ஹார்ட் இன் மை மவுத்’ என்பதற்குப் பெரும்பாலோர் உடனே கொடுக்கும் இணை ‘கலேஜா மூஹ் கோ ஆனா’. கலேஜா என்றால் ஈரல், நெஞ்சு. இதயம் வாய்க்கு வருவதும் கலேஜா வாய்க்கு வருவதும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் ஆங்கிலத்தில் அது பயமும் பதற்றமும்: தம்பி மதில்மேல் நடக்கிறான், விழுவானோ மாட்டானோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் நேரம். இந்தியில் அது தாங்க முடியாத வேதனைக்கும் இரக்கத்துக்கும் வரும். விபத்தில் அடிபட்டவரின் நிலையைப் பார்த்து ‘கலேஜா மூஹ் கோ ஆ கயா’ என்பார்கள். இப்படிப் படித்த பிள்ளை, பாட்டி இறந்ததைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது ‘மை ஹார்ட் வாஸ் இன் மை மவுத்’ என்று எழுதும். இலக்கணத்தில் பிழை இருக்காது. அதனால் திருத்துகிறவரும் டிக் போட்டுவிடுவார். தவறு அப்படியே வேர்விட்டுவிடும்.

‘கோல்ட் ஃபீட்’டுக்கும் இதே கதிதான். பல பட்டியல்களில் எதிரே ‘ஹாத்-பாவ் பூல்னா’ என்று இருக்கும். கைகால் வீங்குவது என்பது சொல்லுக்குச் சொல். போலீஸைக் கண்டதும் திருடனுக்குக் கைகால் உதறுமே, அந்தத் திடீர்ப் பதற்றம்தான் அது. ‘கோல்ட் ஃபீட்’ திடீரென்று வருவதில்லை. ஒரு காரியத்தைச் செய்கிறேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், நேரம் நெருங்கும்போது தைரியம் போக வேண்டும். ஆண்டுவிழா நடனத்துக்குப் பெயர் கொடுத்த பெண் முந்தின நாள் ‘நான் ஆடல’ என்றால் அது கோல்ட் ஃபீட். தெருநாய் துரத்தும்போது வருவது கோல்ட் ஃபீட் ஆகாது. இந்தியில் ‘ஐன் வக்த் பர் ஹிம்மத் ஹார் ஜானா’, காரியம் நடக்க வேண்டிய நேரத்தில் தைரியத்தை இழப்பது என்று சாதாரணமாகச் சொன்னால் போதும், பிள்ளை பிடித்துக்கொள்ளும்.

கல் வரும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். ‘ஹார்ட் ஆஃப் ஸ்டோன்’ என்றால் இரக்கமில்லாத மனம். அதற்குச் சரியான இணை ‘பத்தர் தில்’. ஆனால் நினைவில் முதலில் வந்து நிற்பது ‘கலேஜே பர் பத்தர் ரக்னா’. மனதைக் கல்லாக்கிக்கொண்டு துயரத்தைத் தாங்குவது என்பது அதன் பொருள். மகனை வெளியூர் ஹாஸ்டலில் விட்டுவிட்டு அழாமல் திரும்பும் தாயைப் பற்றிச் சொல்வது. அந்தத் தாய்க்கு ‘ஹார்ட் ஆஃப் ஸ்டோன்’ என்று ஒரு பிள்ளை எழுதினால், அது அவளைக் கல்நெஞ்சக்காரி என்று ஏசுவதாகிவிடும். பிள்ளை பாராட்டத்தான் நினைத்தது. இந்த ஓர் இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இரண்டு பத்தி நோட்டின் மேல் கோபம் வருகிறது.

‘லூஸ் ஹார்ட்’ இதைவிட நுட்பமானது. அதற்கு ‘தில் ஹார்னா’ என்று எழுதிக்கொடுத்தால் பொருளே வேறு, இந்தியில் அது காதல்வயப்படுவது. சோர்ந்து போவதற்கு ‘ஹிம்மத் ஹார்னா’ அல்லது ‘தில் சோட்டா கர்னா’. ‘டோன்ட் லூஸ் ஹார்ட்’ என்பது ‘தில் சோட்டா மத் கரோ’. ஆங்கிலத்திலும் நடுவில் ஒரு ‘மை’ சேர்ந்தால் காதல் பக்கம் சாய்ந்துவிடும் என்பதால், ‘ஐ லாஸ்ட் மை ஹார்ட் இன் த மேத்ஸ் டெஸ்ட்’ என்று பிள்ளை எழுதினால் அதை அந்த இடத்திலேயே நிறுத்தி விளக்க வேண்டும்.

இந்தத் தவறின் விலை ஏன் இவ்வளவு? முதலாவது, எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த இந்தி முஹாவ்ராவே பல நேரம் தெரிந்திருக்காது. தெரியாத ஒன்றுக்குத் தெரியாத இன்னொன்றைப் பொருளாகக் கொடுக்கிறோம். இரண்டாவது, உணர்ச்சி எவ்வளவு, எப்போது, எதனால் என்ற மூன்றும் அதில் தொலைந்துவிடுகின்றன. சந்தோஷம் என்றால் எந்தச் சந்தோஷம், பயம் என்றால் வரப்போவதைப் பற்றியா, வந்துவிட்டதைப் பற்றியா என்பதுதான் உணர்ச்சி இடியத்தின் உயிர்.

செய்ய வேண்டிய முறை இது. முதலில் ஒரு சூழ்நிலையை இரண்டே வாக்கியத்தில் வீட்டு இந்தியில் சொல்லுங்கள். ‘உஸே கைஸா லகா ஹோகா?’, அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேளுங்கள். பிள்ளை தன் வார்த்தையில் சொல்லட்டும். அது சொன்ன வார்த்தைதான் நோட்டில் பொருளாக ஏற வேண்டும். பிறகு ஆங்கில இடியத்தை முழு வாக்கியமாகக் கொடுங்கள், தனியே வேண்டாம். அடுத்து நான்கு சூழ்நிலைகள், இரண்டு பொருந்துபவை, இரண்டு பொருந்தாதவை. பொருந்தாதது ஏன் பொருந்தவில்லை என்று பிள்ளை சொல்லும் வரை விடக் கூடாது. நாற்பது நிமிடப் பீரியடில் இப்படி இரண்டு இடியம் நடத்தலாம், அதற்குமேல் முடியாது. முஹாவ்ராவைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் ஒரு வாரம் கழித்து, ‘இது எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது’ என்ற கேள்வியோடு காட்டுங்கள்.

உண்மையாகவே ஒத்துப்போகும் சில உண்டு. அவற்றைத் தயங்காமல் பயன்படுத்தலாம். ‘மை ஹார்ட் சேங்க்’ என்பது ‘தில் பைட் கயா’, மனம் இடிந்துபோவது. ‘லாங் ஃபேஸ்’ என்பது ‘மூஹ் லட்கானா’, நாமும் மூஞ்சியைத் தொங்கப்போடுவது என்கிறோம். ‘மை பிளட் பாய்ல்ஸ்’ என்பது ‘கூன் கௌல்னா’, தமிழிலும் ரத்தம் கொதிக்கத்தான் செய்கிறது. ‘லம்ப் இன் மை த்ரோட்’ என்பது ‘கலா பர் ஆனா’, தொண்டை அடைத்துக்கொள்வது. உடம்பில் நிஜமாகவே நடப்பதைச் சொல்லும் இடியங்கள் மொழி தாண்டியும் ஒத்துப்போகும் வாய்ப்பு அதிகம். கற்பனையில் பிறந்தவற்றில்தான் கால் வழுக்கும்.

தமிழ் வழியாக இந்திக்குப் போவது

தமிழ் ஆசிரியர்களுக்கே உரிய சிக்கல் இது. ‘கிரீன் வித் என்வி’ என்றதும் மனதில் வயிற்றெரிச்சல் என்று ஓடும். அதை அப்படியே ‘பேட் மே ஜலன்’ என்று இந்தியாக்கினால், பிள்ளைகளுக்கு அது தாத்தா மாத்திரை போடும் நெஞ்செரிச்சல், அசிடிட்டி. பொறாமைக்கு வெறும் ‘ஜலன்’ போதும், வயிறு வேண்டாம். வயிற்றில் புளியைக் கரைப்பதையும் பட்டாம்பூச்சியோடு இணைக்காதீர்கள். புளி கரைவது பெரும் பயத்தில். பட்டாம்பூச்சியில் கொஞ்சம் ஆவலும் கலந்திருக்கும்.

இலக்கணத்திலும் இதே ஆபத்து உண்டு. ‘எனக்குக் கோபம் வந்தது’, ‘முஜே குஸ்ஸா ஆயா’: தமிழிலும் இந்தியிலும் உணர்ச்சி நம்மிடம் வருகிறது. அதனால் பிள்ளை ‘கோல்ட் ஃபீட் கேம் டு மீ’ என்று சொல்லும்போது தமிழ்க் காதுக்கு அது உறுத்துவதே இல்லை. ஆங்கிலத்தில் பெரும்பாலும் உணர்பவர்தான் எழுவாய்: ‘ஐ காட் கோல்ட் ஃபீட்’. இதை நாம் நம் காதை நம்பாமல், விதியாக வைத்துத் திருத்த வேண்டும்.

ஒரே உணர்ச்சியின் நான்கு இடியத்தை ஒரே நாளில்

‘ஓவர் த மூன்’, ‘ஆன் கிளவுட் நைன்’, ‘ஆன் டாப் ஆஃப் த வேர்ல்ட்’, ‘வாக்கிங் ஆன் ஏர்’ நான்கையும் ‘மகிழ்ச்சி’ என்ற தலைப்பில் ஒரே நாளில் கொடுத்தால், அடுத்த வாரம் ‘ஆன் த மூன்’, ‘ஓவர் கிளவுட் நைன்’ என்று துண்டுகள் இடம் மாறித் திரும்பி வரும். அதிலும் இந்தியில் ‘ஸாத்வே ஆஸ்மான் பர்’, ஏழாவது வானத்தில், என்று இருப்பதால் ‘கிளவுட் செவன்’ என்றும் எழுதும். போதாததற்கு அந்த ஏழாவது வானம் மகிழ்ச்சிக்கு மட்டும் உரியதல்ல. ‘குஸ்ஸா ஸாத்வே ஆஸ்மான் பர்’ என்றால் உச்சக் கோபம், ‘திமாக் ஸாத்வே ஆஸ்மான் பர்’ என்றால் தலைக்கனம்.

ஒரு வாரத்துக்கு ஒரு உணர்ச்சிக்கு ஒன்று என்று எடுங்கள். மகிழ்ச்சிக்கு ‘ஓவர் த மூன்’, சோகத்துக்கு ‘டவுன் இன் த டம்ப்ஸ்’, கோபத்துக்கு ‘ஸீ ரெட்’. வாரம் மூன்று போதும். முதல் இடியம் பிள்ளையின் சொந்தப் பேச்சில் தானாக வந்த பிறகே அதே உணர்ச்சிக்கு இரண்டாவது.

நிறத்தை நம்புவது

‘ஸீ ரெட்’டுக்கு ‘லால்-பீலா ஹோனா’, சிவப்பும் மஞ்சளும் ஆவது, ஓரளவு சரி. ஆனால் ‘நீலா-பீலா ஹோனா’, நீலமும் மஞ்சளும் ஆவது, அதுவும் இந்தியில் கோபம்தான். ஆகவே ‘ஃபீலிங் புளூ’ சோகம் என்று சொல்லும்போது, நீலம் கேட்டதும் பிள்ளை கோபத்துக்குப் போய்விடுகிறதா என்று பாருங்கள்.

படம் வரைந்ததோடு நிறுத்துவது

வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி, நிலாவுக்கு மேல் தாவும் சிறுவன். ஒர்க்‌ஷீட்களில் இந்தப் படங்கள்தான் நிறைந்திருக்கின்றன. பிள்ளை படத்தை மறக்காது, உணர்ச்சியை மறந்துவிடும். படம் வேண்டுமானால் பக்கத்திலேயே முகம் ஒன்றையும் வரையச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து முகத்தை மட்டும் காட்டி இடியத்தைக் கேளுங்கள்.

‘ஒன்ஸ்’ என்று எழுதிப்போடுவது

‘ஒன்ஸ்’ என்றால் ‘ஒருவருடைய’. அகராதியில் இருக்கிற மாதிரியே ‘ஹேவ் ஒன்ஸ் ஹார்ட் இன் ஒன்ஸ் மவுத்’ என்று போர்டில் எழுதினால், தேர்வில் ‘ஹீ ஹேட் ஒன்ஸ் ஹார்ட் இன் ஒன்ஸ் மவுத்’ என்று வரும். ‘மை’ போட்ட வாக்கியத்தைக் கொடுத்து, அதை ‘ஹிஸ்’, ‘ஹெர்’, ‘அவர்’ (நம்முடைய) என்று வாயால் மாற்றச் சொல்லுங்கள். ‘த’ விழுந்துவிடாமலும் பாருங்கள், இந்தியிலும் தமிழிலும் ஆர்ட்டிக்கிள் இல்லை. ‘கோல்ட் ஃபுட்’ கிடையாது, எப்போதும் ‘ஃபீட்’தான்.

புத்தக இந்தியில் பொருள் சொல்வது

‘அத்யதிக் பிரஸன்ன ஹோனா’, மிகவும் மகிழ்வது, என்று எந்தப் பிள்ளையும் வீட்டில் பேசுவதில்லை. ‘பஹுத் குஷ்’ என்று எழுதுங்கள். போஜ்புரி, அவதி போன்ற வட்டார மொழி பேசும் வீட்டுப் பிள்ளைக்கு ‘பயபீத்’ (பயந்த), ‘ஈர்ஷ்யா’ (பொறாமை) போன்றவை ஆங்கிலத்தைப் போலவே புதுச்சொற்கள். ‘டர் கயா’ (பயந்துவிட்டான்), ‘ஜலன் ஹுயீ’ (பொறாமை வந்தது) போதும்.

‘மேட்’ என்றால் பைத்தியம்

‘ஹாப்பிங் மேட்’டில் பைத்தியம் இல்லை, கடுங்கோபம். ‘பாகல்’ என்று எழுதிய நோட்டுகளை இன்றே திருத்துங்கள்.

பழமொழியையும் இதே பட்டியலில் சேர்ப்பது

வேண்டாம். முஹாவ்ரா வேறு, லோகோக்தி, அதாவது பழமொழி, வேறு.

தேர்வில் ‘இந்தியில் பொருள் எழுதுக’ என்று கேட்பது

இப்படிக் கேட்டால் பிள்ளை மறுபடி அந்த இரண்டு பத்தி நோட்டுக்குத்தான் போகும். சூழ்நிலையைக் கொடுத்து இடியத்தைக் கேளுங்கள்: ‘ரீனா நீச்சல் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். குளத்தருகே வந்ததும் விசில் அடிப்பதற்கு முன் திரும்பிப் போய்விட்டாள்.’ இதை எளிய ஆங்கிலத்தில் எழுதி, கீழே மூன்று இடியங்களைக் கொடுங்கள்: ‘கோல்ட் ஃபீட்’, ‘ஹார்ட் இன் ஹெர் மவுத்’, ‘லாங் ஃபேஸ்’. மூன்றுமே உடம்பைச் சொல்பவை என்பதால் ஊகித்துத் தப்பிக்க முடியாது. அடுத்த வரியில் ஒரே கேள்வி: விசில் சத்தம் கேட்டதும் ரீனா குதித்து, பாதியில் பயந்து கத்தியிருந்தால் இதே விடை பொருந்துமா? ‘நஹீன், க்யோங்கி...’, அதாவது ‘இல்லை, ஏனென்றால்...’ என்று தொடங்கி ஒரு வரி காரணம் எழுதினால் முழு மதிப்பெண் கொடுங்கள், காரணம் இந்தியிலேயே இருந்தாலும்.