தாளில் சரியாகத் தெரிந்தால் போதாது: நொட்டேஷன் மென்பொருளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

களியக்காவிளையைத் தாண்டி பாறசாலை, இந்தப் பக்கம் மார்த்தாண்டம், குழித்துறை. டிசம்பர் நெருங்கினால் இங்குள்ள ஜெராக்ஸ் கடைகளில் கிறிஸ்துமஸ் கேரல் பாட்டுத் தாள்கள்தான் ஓயாமல் ஓடும். முன்பு குயர் (கோயில் பாடற்குழு) மாஸ்டர் கையால் எழுதிய ஒரே தாள் வருஷக்கணக்கில் நகலுக்கு நகலாகி, பேஸ் (கீழ்க்குரல்) வரியே கறுத்துப்போய் வரும். இப்போது நொட்டேஷன் (இசைக் குறிப்பு) எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோர் இலவசமாகக் கிடைப்பதால் இளவட்டங்கள் அதில் அடித்துவிடுகிறார்கள். சிலர் சிபேலியஸ், சிலர் டோரிகோ. தாள் அழகாகத்தான் வருகிறது.

ஆனால் அந்தக் கோப்பை வாங்கித் திறந்து பார்த்தால் கதை வேறு. ஒரு குறி தாளில் எப்படித் தெரிய வேண்டும் என்று மட்டும் பார்த்து வைத்திருப்பார்கள். அது என்ன குறி என்று மென்பொருளுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அச்செடுக்கும் வரை ஒன்றும் தெரியாது. "மாஸ்டரே, பிள்ளைகளுக்கு எட்டல, அரைக்கட்டை இறக்கணும்" என்று ஒரு குரல் வரும்போதோ, பேண்ட் செட்காரர் கிளாரினெட் பார்ட்டைத் தனியாகக் கேட்கும்போதோதான் எல்லாம் வெளியே வரும். கீழே சொல்லும் வழிமுறைகள் மியூஸ்ஸ்கோருக்கானவை. மற்ற மென்பொருள்களில் விசைகள் மாறும், விஷயம் மாறாது.

பாட்டு வரிகள்

அதிகம் சொதப்புவது இங்கேதான். ஒரு சுரத்தைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் எல் அழுத்தினால் வரி அடிக்கலாம். ஸ்பேஸ் தட்டினால் அடுத்த சுரத்துக்குப் போகும், ஆனால் அங்கே ஒரு சொல் முடிந்துவிட்டது என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். சொல்லின் நடுவில் ஹைஃபன்தான் தட்ட வேண்டும். "ஸ்தோத்திரம்" என்பதை ஸ்தோத், தி, ரம் என்று மூன்று சுரத்தில் வைக்கும்போது இடையில் ஸ்பேஸ் போட்டால், பாடுகிறவர் மூன்று சொல்லாகப் பார்ப்பார். ஒரே எழுத்தை நாலு சுரத்துக்கு இழுக்கிற இடத்தில் ஸ்பேஸை நாலு தடவை தட்டித் தாண்டிப் போகக் கூடாது. சொல்லின் கடைசி அசை என்றால் அண்டர்ஸ்கோர் தட்டுங்கள், கீழே கோடு நீளும். சொல்லின் நடு என்றால் ஹைஃபனையே திரும்பத் திரும்பத் தட்டுங்கள். இழுக்கும் சுரங்களின் மேல் ஸ்லர் (சேர்த்துப் பாடச் சொல்லும் வளைகோடு) போட மறக்க வேண்டாம்.

இன்னொன்று தமிழுக்கே உரிய தவறு. புள்ளி வைத்த எழுத்தைத் தனிச் சுரத்தில் வைப்பது. "அன்பு" என்பதை அ, ன், பு என்று மூன்றாக உடைத்த தாள்கள் எத்தனையோ உண்டு. பாடும் பிள்ளைகள் தாளில் உள்ளபடியே "ன்" என்று மூக்கால் இழுப்பார்கள், பாவம் அவர்கள் என்ன செய்வார்கள்? அன், பு என்று இரண்டாக வைத்து, முதல் அசையை இரண்டு சுரத்துக்கு நீட்டினால் முடிந்தது.

எழுத்துருவில் இரண்டு கண்ணிகள். முதலாவது பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்கள். அவற்றில் அடித்த வரி உங்கள் கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரியும். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் திறக்கும். யூனிகோடில் மட்டும் அடியுங்கள். இரண்டாவது, மியூஸ்ஸ்கோரின் வழக்கமான எழுத்துருவான எட்வினில் தமிழ் கிடையாது. அது இல்லாதபோது கம்ப்யூட்டர் தன்னிடம் உள்ள ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போடும், அது ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒவ்வொன்றாக இருக்கும். அகலம் மாறியதும் வரி முழுவதும் ஒன்றோடொன்று மோதும்.

எல்லைப் பக்கத்துக் குயர்களுக்கு இதில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. ஒரே மெட்டுக்கு மேலே தமிழ், கீழே மலையாளம் என்று இரண்டு வரி போடும் பழக்கம் இங்கே உண்டு. ஃபார்மட் மெனுவில் ஸ்டைல், அதில் டெக்ஸ்ட் ஸ்டைல்ஸ் என்று போனால், பாட்டு வரிகளில் ஒற்றைப்படை வரிக்கும் (1, 3) இரட்டைப்படை வரிக்கும் (2, 4) தனித்தனி எழுத்துரு வைக்கலாம். ஒற்றைக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், இரட்டைக்கு நோட்டோ சான்ஸ் மலையாளம் என்று ஒரு தடவை வைத்துவிட்டால், ஒவ்வொரு எழுத்தாகத் தேர்ந்தெடுத்து மாற்றும் வேலை மிச்சம். தமிழில் ஒரு சுரத்தில் முடிகிற அசை மலையாளத்தில் இரண்டு சுரமாகப் பிரிந்தால், அந்த இடத்தில் புள்ளிக் கோட்டு ஸ்லர் போடுங்கள். ஒரு மொழிக்குச் சேர்த்துப் பாடு, இன்னொன்றுக்குப் பிரித்துப் பாடு என்பது அதன் பொருள்.

சுரத்துக்குப் பேர் முக்கியம்

மிடி கீபோர்டில் (கம்ப்யூட்டரோடு இணைக்கும் கீபோர்டு) வாசித்து ஏற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. கீபோர்டில் சி ஷார்ப்பும் டி ஃபிளாட்டும் ஒரே கறுப்புக் கட்டை. ஸ்டாஃப் என்ற ஐந்து கோட்டில் அவை இரண்டு வேறு இடங்கள். மாயாமாளவகௌளையில் ஒரு மெட்டு, சுருதி ஒரு கட்டை, அதாவது சி என்று வைத்துக்கொள்வோம். எழுத வேண்டியது சி, டி ஃபிளாட், இ, எஃப், ஜி, ஏ ஃபிளாட், பி. மென்பொருள் பல நேரம் டி ஃபிளாட்டை சி ஷார்ப் என்றும், ஏ ஃபிளாட்டை ஜி ஷார்ப் என்றும் எழுதிவிடும். காதுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. தாளிலோ ஸட்ஜமும் ரிஷபமும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும், ரிஷபத்தின் இடம் காலியாகக் கிடக்கும். வாசிப்பவர் ஒவ்வொரு தடவையும் தடுக்குவார். சுரத்தைத் தேர்ந்தெடுத்து ஜே விசையை அழுத்தினால் பேர் மாறும். அதற்கும் முன்பு, பாட்டின் கீ சிக்னேச்சரை (வரித் தொடக்கத்தில் வரும் ஷார்ப், ஃபிளாட் குறிகள்) சரியாக வைத்துவிட்டு ஏற்றினால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். கமகத்தை எழுத மட்டும் முயல வேண்டாம். அதைச் சின்னச் சின்னச் சுரங்களாக உடைத்து எழுதிய தாளை எவராலும் பாட முடியாது.

சுருதி மாற்றும்போதும் இதே கதைதான். ஒவ்வொரு சுரத்தையும் அம்புக்குறியால் கீழே தள்ளுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டூல்ஸில் டிரான்ஸ்போஸ் இருக்கிறது; கீ சிக்னேச்சர், கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) பேர்கள் எல்லாம் சேர்ந்து மாறும். ஆனால் கார்டு பேரைச் சும்மா ஸ்டாஃப் டெக்ஸ்டாக அடித்திருந்தால் அது எழுத்துதான், மாறாது. கிட்டார் பையன் பழைய ஸ்கேலிலேயே வாசித்துக்கொண்டிருப்பான். கார்டுக்கு கன்ட்ரோல் கே.

பேண்ட் செட்டோடு பாடுகிற குயர்களில் பி ஃபிளாட் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் குழப்பும். குயர் இ ஃபிளாட்டில் பாடினால் அவர்களுக்கு எஃப்-ல் எழுத வேண்டும். கருவியைச் சேர்க்கும்போது பி ஃபிளாட் கிளாரினெட் என்று தேர்ந்தெடுத்தாலே மென்பொருள் அந்த ஒரு முழுச் சுரத்தை ஏற்றிக்கொள்ளும். அது தெரியாமல் நீங்களும் கையால் ஏற்றினால் இரண்டு ஏற்றம் ஆகிவிடும். கான்செர்ட் பிட்ச் பட்டனை (எல்லாக் கருவியையும் உண்மையில் ஒலிக்கும் சுருதியில் காட்டுவது) ஆன் செய்துவிட்டு, குயரின் ஸ்கேலிலேயே எழுதுங்கள். அச்செடுக்கும் முன் ஆஃப் செய்யுங்கள்.

நாலு குரல், பல்லவி திரும்புதல்

சோப்ரானோவையும் ஆல்ட்டோவையும் (பெண்களின் மேல், கீழ்க் குரல்கள்) ஒரே ஸ்டாஃபில் கார்டாக அடுக்காதீர்கள். சோப்ரானோ வாய்ஸ் ஒன்று, ஆல்ட்டோ வாய்ஸ் இரண்டு. அப்போதுதான் ஒன்றின் தண்டு மேலே, மற்றதன் தண்டு கீழே போகும், ஆல்ட்டோ மட்டும் நீட்டிப் பிடிக்கும் இடத்தையும் ஒழுங்காக எழுத முடியும். ஏற்கனவே கார்டாக அடித்துத் தொலைத்திருந்தால், டூல்ஸில் உள்ள எக்ஸ்ப்ளோட் அவற்றைத் தனித்தனி ஸ்டாஃபுகளாகப் பிரித்துத் தரும்.

கீர்த்தனைகளில் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்ப வேண்டும். பலர் சரணத்தின் முடிவில் "பல்லவி" என்று டெக்ஸ்ட் அடித்து விட்டுவிடுகிறார்கள். பாடுகிறவருக்குப் புரியும், பிளே பட்டனுக்குப் புரியாது. பல்லவி தொடங்கும் இடத்தில் செக்னோ (குறி), பல்லவி முடியும் இடத்தில் ஃபீனே (முடிவு), சரணத்தின் முடிவில் டால் செக்னோ அல் ஃபீனே (செக்னோவிலிருந்து ஃபீனே வரை). மூன்றையும் பேலட்டிலிருந்தே (குறிகள் அடுக்கிய பக்கப் பட்டி) எடுத்து வையுங்கள். இத்தாலியச் சொல் குயருக்குப் பழக்கமில்லை என்றால், வைத்த குறியை டபுள் கிளிக் செய்து எழுத்தை மட்டும் "பல்லவிக்கு" என்று மாற்றிக்கொள்ளலாம். குறியின் வேலை அப்படியே இருக்கும்.

2023-ல் வந்த 4.1 பதிப்பிலிருந்து, நொட்டேஷனை அப்போதைக்கு அப்போதே பிரெய்லில் காட்டும் வசதி மியூஸ்ஸ்கோரில் இருக்கிறது. பார்வையற்ற கீபோர்டு கலைஞர் ஒருவர் உங்கள் கோப்பைத் திறந்தால், குறியாக வைத்தது குறியாகப் போய்ச் சேரும். வெறும் கோடு இழுத்து ஒப்பேற்றியதை அவர் எங்கே போய்த் தேடுவார்?

தாளை அடுக்குவது

மௌஸால் இழுத்து இழுத்துச் சரிசெய்வதைக் கடைசி வேலையாக வையுங்கள். எழுத்து மோதுகிறது என்றால் பெரும்பாலும் ஸ்டாஃப் அளவு பெரியதாக இருக்கும். பேஜ் செட்டிங்ஸில் ஸ்டாஃப் ஸ்பேஸை (கோடுகளின் இடைவெளி) கொஞ்சம் குறைத்தாலே பாதி சரியாகும். இழுத்துக் குழம்பிப்போனதைப் பழைய இடத்துக்கு அனுப்ப கன்ட்ரோல் ஆர்.

முன்பெல்லாம் என்டர் தட்டி வரி உடைத்து வைப்போம். அப்புறம் ஒரு சொல்லை மாற்றியதும் கடைசி பார் (தாளக் கட்டம்) ஒன்று நழுவி, அடுத்த வரியில் ஒற்றையாகப் போய் நிற்கும். 2025-ல் வந்த 4.5 பதிப்பில் சிஸ்டம் லாக் வந்திருக்கிறது. இந்த நாலு பாரும் ஒரே வரியில்தான் என்று பூட்டிவிடலாம். பல சரணங்களை அடுக்கிப் போடுகிறவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே புதிய பதிப்பை ஏற்றலாம். ஒரு எச்சரிக்கை: 4-ல் சேமித்த கோப்பை 3-ல் திறக்க முடியாது. குயரில் பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் யார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிளேபேக்கை நம்பி எழுதாதீர்கள்

2022 டிசம்பரில் மியூஸ்ஸ்கோர் 4 வந்தபோது கூடவே மியூஸ் சவுண்ட்ஸ் என்ற ஒலித் தொகுப்பும் வந்தது. குயர் ஒலி கேட்க அத்தனை இதமாக இருக்கும். அதுதான் ஆபத்தும். அந்தக் குயர் மூச்சு வாங்காது, தொண்டை கட்டாது, மேல் ஏ-யில் எட்டு பார் நிற்கும். சுரத்தலை மஞ்சள் கலந்த நிறமாக மாறினால், சாதாரணப் பாடகருக்கு எட்டாத இடம் என்று பொருள். சிவப்பு என்றால் தேர்ந்தவருக்கும் கஷ்டம். இந்த நிறம் அச்சில் வராது, எனவே திரையிலேயே பார்த்துவிடுங்கள். பார்த்த பிறகு, ஒவ்வொரு குரலையும் ஒரு தடவையாவது நீங்களே வாய்விட்டுப் பாடிப் பாருங்கள்.

கோப்பு நாளைக்கும் திறக்க வேண்டும்

1988-லிருந்து இருந்துவந்த ஃபினாலே மென்பொருளை இனி மேம்படுத்தப்போவதில்லை என்று மேக்மியூசிக் நிறுவனம் 2024 ஆகஸ்ட் 26 அன்று அறிவித்தது. அதில் சேமித்த பழைய பாட்டுக் கோப்புகளை மற்ற மென்பொருள்கள் நேரடியாகத் திறக்கும் என்று நம்பிவிட முடியாது. ஃபினாலே இன்னும் ஓடுகிற கம்ப்யூட்டர் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால், இப்போதே எல்லாவற்றையும் மியூசிக் எக்ஸ்எம்எல் (மென்பொருள்களுக்குப் பொதுவான கோப்பு வடிவம்) ஆக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். மியூஸ்ஸ்கோர், சிபேலியஸ், டோரிகோ மூன்றும் அதைப் படிக்கும். சுரம், வரி, கார்டு எல்லாம் வந்துவிடும். தாளின் அடுக்கு அப்படியே வராது. திறந்ததும் வரிகளில் ஹைஃபன்கள், இரண்டாவது வாய்ஸ், பல்லவிக்குத் திரும்பும் குறி ஆகிய மூன்றையும் பழைய தாளோடு ஒத்துப்பாருங்கள். ஒத்துப்பார்க்க ஒரு பிடிஎஃப் வேண்டும், அதனால் அதையும் அதே ஃபோல்டரில் போட்டுவையுங்கள். இந்த வேலையை அட்வென்ட் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள்) தொடங்கும் முன்பே முடித்துவிடுவது நல்லது; அதற்கப்புறம் யாருக்கும் நேரம் இருக்காது.