பழைய லாரியில் கியர் கோளாறு: கியர்பாக்ஸை இறக்குமுன் பார்க்க வேண்டியவை

1986-இல் அறிமுகமான டாட்டா 407 வண்டிகளும் அவற்றையொத்த பழைய லேலண்டு, ஐஷர் லாரிகளும் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் இன்றும் தேங்காய், வாழைத்தார், வைக்கோல், செங்கல் என்று பாரம் ஏற்றி ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றில் கியர் விழுவதில் சிறிது தடுமாற்றம் கண்டாலே கியர்பாக்ஸ் போய்விட்டது என்று முடிவு செய்து, மறுநாளே அதை இறக்கிப் பிரித்துவிடுகிறார்கள். கிளட்ச், கியர் லிவரின் இணைப்புக் கம்பிகள், மவுண்டிங் ரப்பர், ஜாயிண்ட் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டு) ஆகிய எதில் பழுது இருந்தாலும் அது கியர்பாக்ஸ் கோளாறு போலவே ஓட்டுநருக்குத் தோன்றும் என்பதால், இறக்குமுன் வெளியிலிருந்தே செய்யக்கூடிய சோதனைகளை ஒழுங்காகச் செய்து முடிப்பதே உரிமையாளருக்கு லாபம். ஒரு நாள் வாடகையை இழந்து, தேவையற்ற கூலியும் கொடுத்து, பழைய கோளாறுடனேயே வண்டியைத் திரும்ப எடுத்துவரும் நிலை சிறு முதலாளிக்குத் தாங்காது.

முதல் சோதனையை எஞ்சினை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கிளட்சை மிதித்து எல்லா கியர்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கவும். நிறுத்திய நிலையில் எல்லாம் இலகுவாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்று பொருள். இதை உறுதிசெய்ய, எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, கிளட்சை முழுவதும் மிதித்து, ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடவும். பல பழைய கியர்பாக்ஸ்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோனைசர் (கியர் மாறும்போது சுழலும் பாகங்களின் வேகத்தை ஒன்றாக்கும் அமைப்பு) கிடையாது என்பதால், கிளட்ச் முழுமையாக விடுபடாமல் சிறிதளவு இழுத்தாலும் பற்கள் உராயும் சத்தம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அப்படிச் சத்தம் வந்தால், கிளட்ச் பெடலின் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் வரை பெடல் சும்மா இறங்கும் தூரம்) அதிகமாகியுள்ளதா, பெடலின் அழுத்தத்தைத் திரவம் வழியாகக் கொண்டுசெல்லும் கிளட்ச் லைனில் காற்று புகுந்துள்ளதா, மாஸ்டர் சிலிண்டரிலோ ஸ்லேவ் சிலிண்டரிலோ கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை அனைத்தும் கியர்பாக்ஸைத் தொடாமலே சரிசெய்யக்கூடியவை. மாறாக, எஞ்சின் நிற்கும்போதும் கியர் கடினமாக இருந்தால், லிவரின் அடிப்பகுதியில் உள்ள புஷ்கள், இணைப்புக் கம்பிகளின் மூட்டுகள் ஆகியவற்றைத் துடைத்து, கிரீஸ் வைத்து, தேய்ந்தவற்றை மாற்றிய பிறகே லிவரின் அசைவைக் கியருக்குக் கொண்டுசெல்லும், உள்ளே இருக்கும் செலக்டர் ராடு மீது சந்தேகப்பட வேண்டும்.

கிளட்ச் வழுக்குவது இதற்கு எதிரான கோளாறு. தேனி சாலையில் உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது எஞ்சின் மட்டும் சீறி, வண்டியின் வேகம் கூடாமல், கருகிய வாடை வந்தால் அது பெரும்பாலும் கிளட்ச் பிளேட்டின் வேலை. ஆள் நடமாட்டமில்லாத சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, கட்டையும் கொடுத்து, டாப் கியரில் போட்டு, சிறிது ஆக்ஸிலரேட்டர் கொடுத்தபடி கிளட்சை மெதுவாக விடவும். நல்ல கிளட்ச் எஞ்சினை அணைத்துவிடும். எஞ்சின் அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் உடனே கிளட்சை மிதித்துச் சோதனையை நிறுத்திவிட வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தால் மிஞ்சியிருக்கும் பிளேட்டும் கருகிவிடும். சிம்மக்கல், கீழவாசல் நெரிசலில் ஊர்ந்து செல்கையில் பெடலின் மேல் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் பிளேட்டையும், பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் ஒருசேரத் தின்றுவிடுகிறது என்பதை ஓட்டுநர்கள் மனத்தில் கொள்வது நல்லது.

அடுத்தது சத்தம். நியூட்ரலில், பெடலை மிதிக்காமல், எஞ்சினை ஓடவிட்டுக் கேட்கவும். அப்போது வரும் இரைச்சல் பெடலை மிதித்ததும் அடங்கிவிட்டால், டாப் ஷாஃப்ட் (கிளட்சிலிருந்து கியர்பாக்ஸுக்குள் சுழற்சியைக் கொண்டுவரும் தண்டு) பேரிங் அல்லது கவுண்டர் ஷாஃப்ட் (அதிலிருந்து சுழற்சியைப் பெற்று மற்ற கியர்களுக்குக் கொடுக்கும் தண்டு) பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். பெடலை லேசாக மிதித்ததும் புதிதாகச் சத்தம் தொடங்கினால் ரிலீஸ் பேரிங்கையும், முழுவதும் மிதித்த நிலையில் மட்டும் கிறீச்சிட்டால் டாப் ஷாஃப்ட்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங்கையும் பார்க்க வேண்டும். ஓட்டத்தில் ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் வந்தால் அந்தக் கியரின் பற்கள் தேய்ந்திருக்கும். நேரடி டாப் கியரில் அமைதியாக ஓடி மற்ற கியர்களில் எல்லாம் இரைந்தால், பழுது கவுண்டர் ஷாஃப்ட் பக்கம் இருக்கிறது. ஏனெனில் நேரடி கியரில் சுமை அந்த ஷாஃப்ட் வழியாகச் செல்வதில்லை. புறப்படும்போது 'டக்' என்று அடிப்பது மட்டுமே குறை என்றால், கியர்பாக்ஸை விட்டுவிட்டு, ஜாயிண்ட் ஷாஃப்ட்டின் கிராஸையும் (சிலுவை வடிவ மூட்டு) சென்டர் பேரிங் ரப்பரையும் கையால் ஆட்டிப் பார்க்கவும்.

கியர் தானாகக் கழன்றுவிடுவதுதான் இவற்றுள் மிக ஆபத்தானது. ஆக்ஸிலரேட்டரை விட்டு, எஞ்சின் பிடியில் இறங்கும்போதுதான் இது பெரும்பாலும் நிகழும். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்துடன் இறங்கும் லாரி திடீரென நியூட்ரலுக்குப் போனால், முழுச் சுமையும் பிரேக் மீது விழுந்து, பிரேக் சூடேறிப் பிடிமானத்தை இழந்துவிடும். எனவே இந்தக் கோளாறு தெரிந்த வண்டியை மலைப்பாதைக்கு அனுப்பவே கூடாது, லிவரைக் கையால் பிடித்துக்கொண்டு சமாளிக்கலாம் என்ற பேச்சுக்கும் இடம் கொடுக்கக் கூடாது. எஞ்சின், கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பர்கள் நசுங்கியிருக்கின்றனவா, பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா, லிவர் தன் முழுத் தூரத்துக்கும் நகர்கிறதா என்பவற்றை முதலில் பார்க்கவும். இவை சரியாக இருந்தும் கழன்றால், செலக்டர் ராடைப் பிடித்துவைக்கும் குண்டும் ஸ்பிரிங்கும் வலுவிழந்திருக்கலாம். சில வண்டிகளில் மேல் மூடியைத் திறந்தே அவற்றை மாற்றிவிட முடியும். அதன் பிறகும் நிற்காவிட்டால் ஃபோர்க் (ஸ்லீவை நகர்த்தும் கவை), ஸ்லீவின் (கியரைத் தண்டோடு பிணைக்கும் வளையம்) பற்கள், பேரிங் ஆகியவற்றின் தேய்மானத்தைப் பார்க்கப் பிரித்தே ஆக வேண்டும்.

ஒரு குறிப்பிட்ட கியரை, அதிலும் இரண்டாவது கியரை, மாற்றும்போது மட்டும் பற்கள் உராய்ந்தால் சிங்க்ரோனைசர் ரிங் தேய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

கியர் ஆயில் சொல்லும் செய்தி இவை எல்லாவற்றையும்விட நம்பத்தக்கது என்பது என் கருத்து. சிறிது தூரம் ஓட்டி ஆயில் வெதுவெதுப்பான பிறகு, சுத்தமான தட்டில் வடிக்கவும். வடிகால் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு போன்ற பொடி ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானமே. மஞ்சள் நிற மினுக்குத் துகள்கள் சிங்க்ரோனைசர் ரிங்கிலிருந்து வருபவை; கையில் தட்டுப்படும் இரும்புச் சில்லுகள் பல் உடைந்ததற்கும் பேரிங் நொறுங்கியதற்கும் அடையாளம், அந்நிலையில் வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரயில்வே பாலத்தடியில் தேங்கிய நீருக்குள் இறங்கி ஏறிய வண்டியில் ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால், தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று பொருள். அதை முழுவதும் மாற்றுவதோடு பிரீதரையும் (கியர்பாக்ஸின் காற்றுத் துளை) துடைக்க வேண்டும். பிரீதர் அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடி, புதிய ஆயில் சீலும் கசியும். எந்த ஆயில் ஊற்றுவது என்பதற்கு வண்டியின் கையேட்டையே பின்பற்றவும். டிஃபரன்ஷியலுக்கு (பின் அச்சின் பல்சக்கரப் பெட்டி) வாங்கிய ஜிஎல்-5 தர ஆயில் மிஞ்சியிருக்கிறதே என்று, ஜிஎல்-4 தர ஆயில் கேட்கும் கியர்பாக்ஸில் ஊற்றக் கூடாது. அதில் உள்ள ரசாயனச் சேர்க்கை பித்தளை ரிங்குகளை அரிக்கக்கூடும். சமதளத்தில் நிறுத்தி, ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை நிரப்பினால் போதும்.

இத்தனைக்குப் பிறகும் இறக்க வேண்டிய கட்டாயம் வந்தால், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் நுழையக் கூடாது. ஸ்டாண்டோ உறுதியான கட்டைகளோ சேஸிஸைத் தாங்க வேண்டும். கியர்பாக்ஸை இறக்கும்போதும் ஏற்றும்போதும் அதன் எடை டாப் ஷாஃப்ட் வழியாகக் கிளட்ச் பிளேட்டில் தொங்கினால் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். புதிய பிளேட் போட்டும் கிளட்ச் சரியாக விடுபடவில்லை என்ற புகாருக்கு இது ஒரு காரணம். பழைய டாப் ஷாஃப்ட் ஒன்றைச் செருகிப் பிளேட்டை மையப்படுத்திய பிறகே பிரஷர் பிளேட் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். இறக்கிய நிலையில் ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், ஆயில் சீல் ஆகியவற்றையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. அவற்றின் விலை மறுபடி இறக்கும் கூலியைவிடக் குறைவு.

பூட்டி முடித்ததும் முதல் ஓட்டத்தைப் பாரமில்லாமல், ஒத்தக்கடையிலிருந்து மேலூர் செல்லும் சாலை போன்ற பெரிய ஏற்றமற்ற சாலையில் நடத்தி, திரும்பியதும் சீல்களில் கசிவு பார்த்து, ஆயில் அளவை மறுபடி சரிபார்த்துவிட்டுப் பாரம் ஏற்றவும்.